381 நாள் நடந்தே போனாங்களே, கடைசில கோர்ட் தீர்ப்புலதான் பஸ் மாறுச்சா?

தூங்காநகரம்88:

வணக்கம் மக்களே. பொண்ணு ஒன்பதாவது படிக்கிறா, ஸ்கூல்ல பட்டிமன்றம் மாதிரி ஒண்ணு வைக்கிறாங்களாம், அமெரிக்காவுல கறுப்பர்களுக்குத் தனி வெள்ளைக்காரங்களுக்குத் தனின்னு வச்சிருந்தத ஒழிச்சது கோர்ட்டா போராட்டமான்னு தலைப்பு, இவளுக்குப் போராட்டம் கட்சி விழுந்திருக்கு. சரி ரோசா பார்க்ஸ் கதைய வச்சே ஜமாய்ச்சிடலாம்னு நானும் உக்காந்து தேடினேன். அலபாமா மாநிலம் மாண்ட்கமரி ஊர், 1955 டிசம்பர் 1 சாயங்காலம், கடையில தையல் வேலை முடிச்சுட்டு பஸ் ஏறுறாங்க, எந்திரின்னு டிரைவர் சொன்னப்ப எந்திரிக்கல, அரெஸ்ட், அப்புறம் ஊரே 381 நாள் பஸ் ஏறாம இருந்து ஜெயிச்சுது. எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்.

இதுல சிக்கல் என்னன்னா என் மச்சினன், அவனுக்கு வாய் சும்மா இருக்காது, நேத்து சாப்பிட உக்காந்தப்ப "மாமா, பஸ் கம்பெனியும் இறங்கி வரல நகரசபையும் இறங்கி வரல, சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு குடுத்துச்சு, அதோட முடிஞ்சது, இவங்க நடக்காம வழக்கம்போல பஸ்லயே போயிட்டு இருந்தாலும் அதே தீர்ப்புதான் வந்திருக்கும்"னு சொல்லிட்டான். பொண்ணு முகம் சுருங்கிப் போச்சு. நானும் தேடிப் பாத்தேன், தீர்ப்பு வந்தது என்னவோ நிஜம்தான் போல. அப்ப கால் தேய நடந்ததெல்லாம் சும்மாவா? வரலாறு, சட்டம் தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க. விக்கிபீடியா லிங்க் மட்டும் போட்டுட்டுப் போயிடாதீங்க, அதத்தான் படிச்சுக் குழம்பி இங்க வந்திருக்கேன்.

கருப்புக்கோட்டு:

உங்க மச்சினன் பாதி சரி. நான் வக்கீல், அதனால கோர்ட் பக்கம் பேசுவேன்னு நினைக்காதீங்க, கோர்ட்டுக்குள்ள என்ன நடக்கும்னு தெரிஞ்சதாலயே அத மட்டும் நம்ப மாட்டேன்.

முதல்ல அந்த பஸ்ஸப் புரிஞ்சுக்கணும். மொத்தம் 36 சீட். முன்னாடி 10 வெள்ளைக்காரங்களுக்கு, காலியா கிடந்தாலும் கறுப்பர் உக்காரக் கூடாது. கடைசி 10 கறுப்பர்களுக்கு. நடுவுல 16 டிரைவர் இஷ்டம். பார்க்ஸ் உக்காந்தது அந்த நடுப்பகுதி முதல் வரிசையில, அதாவது அவங்க சட்டப்படி "வெள்ளைக்காரங்க சீட்"லயே உக்காரல. ஒரே ஒரு வெள்ளைக்காரர் நின்னாரு, அவருக்காக நாலு பேர எந்திரிக்கச் சொன்னான் டிரைவர், ஏன்னா ஒரே வரிசையில ரெண்டு நிறமும் உக்காரக் கூடாது. மூணு பேர் எந்திரிச்சாங்க, இவங்க எந்திரிக்கல. 10 டாலர் அபராதம், கோர்ட் செலவு 4 டாலர்.

இப்ப வேடிக்கை என்னன்னா, போராட்டம் ஆரம்பிச்சப்ப பிரிவினையே வேணாம்னு இவங்க கேக்கவே இல்ல. கேட்டது மூணுதான். டிரைவருங்க மரியாதையா பேசணும், கறுப்பர் அதிகமா இருக்குற ரூட்ல கறுப்பர் டிரைவர் வேணும், முதல்ல வந்தவங்க முதல்ல உக்காரணும், அதுவும் கறுப்பர் பின்னாடில இருந்து வெள்ளைக்காரர் முன்னாடில இருந்து. அத்தோட விட்டிருந்தா நகரசபை தப்பிச்சிருக்கும். அதுக்கே முடியாதுன்னு வீம்பு பிடிச்சாங்க. ஜனவரி 30 ராத்திரி, போராட்டத்துக்குத் தலைமை தாங்கின மார்ட்டின் லூதர் கிங் வீட்டுல குண்டு போட்டாங்க, உள்ள மனைவியும் கைக்குழந்தையும். ரெண்டே நாள்ல, 1956 பிப்ரவரி 1, இவங்க வக்கீல் ஃப்ரெட் கிரே ஃபெடரல் கோர்ட்டுல, அதாவது மத்திய அரசோட கோர்ட்டுல கேஸ் போட்டாரு, அவருக்கு அப்ப வயசு 25. இந்த தடவ கேட்டது மொத்தப் பிரிவினையும் செல்லாதுன்னு. பிரவுடர் எதிர் கேல்னு பேரு, கேல்ங்கிறது மேயர்.

அந்தக் கேஸ்ல ரோசா பார்க்ஸ் வாதியே கிடையாது! அவங்க கேஸ் மாநில கோர்ட்டுல கிரிமினல் அப்பீலா கிடந்துச்சு, அத அப்படியே வாய்தா வாய்தான்னு இழுத்தடிச்சுக் கொல்லலாம். மாநிலச் சட்டமே அரசியல் சாசனத்துக்கு விரோதம்னு ஃபெடரல் கோர்ட்டுக்குப் போனா மூணு ஜட்ஜ் பெஞ்ச் உக்காரும், அங்கேர்ந்து அப்பீல் நேரா சுப்ரீம் கோர்ட்டுக்குப் போகும், நடுவுல யாரும் உக்காந்து தேய்க்க முடியாது. அதான் கிரே வேற நாலு பெண்கள வாதியா சேர்த்தாரு. அதுல ஒண்ணு கிளாடெட் கால்வின், பார்க்ஸுக்கு ஒன்பது மாசம் முன்னாடியே, 15 வயசுல, அதே மாதிரி எந்திரிக்க மாட்டேன்னு கைதான பொண்ணு. கூண்டுல ஏத்தி, உங்களுக்கு யார் தலைவர்னு நகரசபை வக்கீல் துருவுறாரு, கிங் தூண்டிவிட்டாருன்னு வாயில இருந்து வரவைக்கணும்ல. எங்களுக்கு நாங்களேதான் தலைவர்ங்கிற மாதிரி பதில் சொல்லிட்டா அவ. உங்க பொண்ணுக்கு இவதான் சரியான ஆளு, வயசும் பக்கத்துல.

ஜூன் 5, 2க்கு 1ன்னு தீர்ப்பு, பிரிவினை செல்லாது. நவம்பர் 13, சுப்ரீம் கோர்ட் உறுதி பண்ணிச்சு.

மச்சினன் சொன்னதுல இன்னொரு தப்பு, பஸ் கம்பெனி இறங்கி வந்துச்சு! பஸ்ல போறவங்கள்ல முக்கால்வாசி கறுப்பர், கல்லா காலியானா எவ்வளவு நாள் தாங்குவான். 1956 ஏப்ரல்ல, வேற ஊர் கேஸ்ல ஒரு உத்தரவு வந்தத சாக்கா வச்சு, இனிமே நாங்க பிரிக்க மாட்டோம்னு கம்பெனியே அறிவிச்சுது. நகரசபைதான் உள்ளூர் கோர்ட்டுக்கு ஓடிப்போய், கம்பெனி பிரிச்சே ஆகணும்னு தடையுத்தரவு வாங்கிட்டு வந்துச்சு. அதாவது நடந்தவங்க கம்பெனிய உடைச்சாச்சு, உடைக்க முடியாதது நகரசபைய. அதுக்குத்தான் தீர்ப்பு தேவைப்பட்டுச்சு.

இட்லிப்பொடி:

கருப்புக்கோட்டு சார் கேஸ் சொல்லிட்டாரு, எனக்கு எப்பவும் ஆச்சரியமா இருக்குறது அந்த 381 நாள எப்படி ஓட்டினாங்கங்கிறதுதான். ஒரு நாள் பந்த்னா பரவால்ல, வருஷக் கணக்குல? நாப்பதாயிரம் பேரு காலையில வேலைக்குப் போகணும் சாயங்காலம் வரணும்.

ஆரம்பிச்சு வச்சதே பெண்கள். ஜோ ஆன் ராபின்சன்னு காலேஜ் டீச்சர், பார்க்ஸ் கைதான அன்னிக்கு ராத்திரியே காலேஜுக்குப் போய் விடிய விடிய சைக்ளோஸ்டைல்ல நோட்டீஸ் ஓட்டினாங்க, திங்கக்கிழமை பஸ் ஏறாதீங்கன்னு, பத்தாயிரக்கணக்குல. காலேஜ் அரசாங்கத்தோடது, மாட்டியிருந்தா வேலை போயிருக்கும். ஒரு பேப்பர்ல மூணு நோட்டீஸ் வர்ற மாதிரி அடிச்சு அப்புறம் வெட்டி, மறுநாள் கிளாஸும் எடுத்துக்கிட்டே ஸ்கூல் ஸ்கூலா பசங்க கையில குடுத்து வீட்டுக்கு அனுப்பியிருக்காங்க.

அப்புறம் ஜார்ஜியா கில்மோர்னு ஒரு அம்மா, சமையல்காரி. எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆளு. அவங்களும் இன்னும் சில பெண்களும் வீட்டுல கோழி பொரிச்சு, கேக்கு, பை எல்லாம் பண்ணி வித்து அந்தக் காச சர்ச் மீட்டிங்ல கொண்டுவந்து போராட்ட நிதிக்குக் கொட்டுவாங்க. காசு எங்கேர்ந்து வருதுன்னு கேட்டா எங்கேர்ந்தும் இல்லன்னு சொல்லணுமாம், ஏன்னா சமைச்ச பெண்கள் எல்லாம் வெள்ளைக்காரங்க வீட்டுல வேலை பாக்குறவங்க, பேரு வெளிய வந்தா அன்னிக்கே வேலை காலி. அதனால குழுவுக்குப் பேரே "எங்கிருந்தும் இல்லாத கிளப்". அந்த கேக்க வாங்கித் தின்னதுல வெள்ளைக்காரங்களும் உண்டு, தங்களுக்கு எதிரான போராட்டத்துக்குத் தாங்களே காசு குடுக்குறோம்னு தெரியாம 😄

அந்தக் காசு போனது பெட்ரோலுக்கு. முதல்ல கறுப்பர் டாக்சிக்காரங்க பஸ் கட்டணம் 10 சென்ட்டுக்கே ஏத்தினாங்க, குறைஞ்சபட்சம் 45 சென்ட் வாங்கணும்னு சட்டத்தக் காட்டி போலீஸ் மிரட்டுச்சு. உடனே சொந்தக் கார் வச்சிருக்கறவங்க ஷேர் ஆட்டோ மாதிரி ஓட்ட ஆரம்பிச்சாங்க, சுமார் 300 கார், ஏறுற இடம் இறங்குற இடம் டைம் எல்லாம் போட்டு. அதையும் நிறுத்தணும்னு உள்ளூர் இன்சூரன்ஸ ரத்து பண்ண வச்சாங்க, கடைசில லண்டன் லாயிட்ஸ் மூலமா பாலிசி எடுத்தாங்க. இதெல்லாம் மேடையில சொன்னா கைதட்டு வரும், தீர்ப்பு நம்பரச் சொன்னா கொட்டாவிதான் வரும் (கருப்புக்கோட்டு சார் கோவிச்சுக்காதீங்க).

கருப்புக்கோட்டு:

கோவமெல்லாம் இல்ல மேடம், நீங்க கார்னு சொன்னதும் ஒண்ணு ஞாபகம் வந்துச்சு, மேல எழுத மறந்துட்டேன். அந்த நவம்பர் 13 அன்னிக்கு கிங் எங்க இருந்தாரு தெரியுமா? மாண்ட்கமரி உள்ளூர் கோர்ட்டுல, குற்றவாளி மாதிரி உக்காந்திருந்தாரு. லைசென்ஸ் இல்லாம போக்குவரத்து நடத்துறாங்க, இந்தக் கார் ஏற்பாட்டுக்குத் தடை போடுங்கன்னு நகரசபை போட்ட மனு. கிங்கே அன்னிக்கு நம்பிக்கை இழந்துட்டாரு, கார் நின்னா போராட்டம் நின்னுடும்னு. இடைவேளையில ஒரு நிருபர் வந்து கையில துண்டுச்சீட்டு குடுக்குறாரு, சுப்ரீம் கோர்ட்டுல ஜெயிச்சுட்டீங்கன்னு.

அப்புறமும் அந்த உள்ளூர் ஜட்ஜ் கார் ஏற்பாட்டுக்குத் தடை போட்டுட்டுத்தான் எந்திரிச்சாரு! ஒரே நாள்ல மேல ஜெயிச்சு கீழ தோத்தாங்க. சுப்ரீம் கோர்ட் உத்தரவு காகிதம் மாண்ட்கமரிக்கு வந்து சேந்தது டிசம்பர் 20. அதுவரைக்கும் அஞ்சு வாரம் பஸ்ஸும் கிடையாது அந்தக் கார் ஏற்பாடும் கிடையாது, பெரும்பாலும் கால்தான். 21ஆம் தேதி காலையில பஸ் ஏறினாங்க, அடுத்த வாரமே பஸ்ஸுங்க மேல துப்பாக்கிச் சூடு, ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்குக் கால்ல குண்டு.

மச்சினன் கேட்ட கேள்விக்குப் பதிலும் இங்கதான் இருக்கு. போராட்டமே இல்லன்னா கேஸ் போட்டிருக்கலாம், தீர்ப்பும் வந்திருக்கலாம், ஒத்துக்குறேன். ஆனா 21ஆம் தேதி முன் சீட்டுல போய் உக்கார ஆள் வேணும்ல? துப்பாக்கிச் சூடுக்கு அப்புறமும் மறுநாள் உக்காரணும்ல? ஒரு வருஷம் சேந்து நடந்த ஊரு அது, அதனால உக்காந்தாங்க.

சந்தேகப்பிராணி:

எல்லாரும் மாண்ட்கமரிலயே நிக்கிறீங்க, அது சின்ன ஊரு, ஜெயிச்ச கதை. தீர்ப்பு மட்டும் வந்து ஒண்ணுமே நடக்காத கதை வேணும்னா ஸ்கூலப் பாருங்க.

1896ல பிளெஸ்ஸி கேஸ்ல இதே சுப்ரீம் கோர்ட்தான் தனித்தனியா ஆனா சமமா இருந்தா தப்பில்லன்னு 7க்கு 1 சொல்லி வச்சுது (ஹார்லன்னு ஒரு ஜட்ஜ் மட்டும்தான் எதிர்த்து எழுதினாரு). அதாவது வியாதிய நிலைக்க வச்சதுல கோர்ட்டுக்கும் பங்கு உண்டு, அப்புறம் 58 வருஷம் கழிச்சு 1954 மே 17 பிரவுன் கேஸ்ல 9க்கு 0ன்னு அது தப்புன்னு சொன்னதுக்கு நாம சிலை வைக்கணுமா? சொன்னதோட நிறுத்தியிருந்தாலும் பரவால்ல, அடுத்த வருஷம் எப்ப அமல் பண்ணணும்னு கேட்டப்ப தேதி போடாம, நிதானமான வேகத்துல பண்ணுங்கங்கிற அர்த்தத்துல ஒரு வாசகம் எழுதி வச்சுது. நிதானத்த மட்டும் எடுத்துக்கிட்டாங்க வேகத்த விட்டுட்டாங்க. 1964ல, அதாவது பத்து வருஷம் கழிச்சு, உள்நாட்டுப் போர்ல பிரிஞ்சு போன பதினோரு தென் மாநிலங்கள்ல வெள்ளைக்காரப் பிள்ளைங்களோட ஒரே ஸ்கூல்ல படிச்ச கறுப்பர் பிள்ளைங்க நூத்துக்கு 1.2 தான். ஒண்ணே கால் பிள்ளை! 1957ல லிட்டில் ராக் ஊர்ல ஒன்பது கறுப்பர் பிள்ளைங்க ஸ்கூலுக்குள்ள போக ஜனாதிபதி ஐசன்ஹோவர் ராணுவத்த அனுப்ப வேண்டி வந்துச்சு, அதுக்கு அடுத்த வருஷம் கவர்னர் அந்த ஊர் ஹைஸ்கூலெல்லாத்தையும் பூட்டிட்டாரு.

விர்ஜினியாவுல பிரின்ஸ் எட்வர்ட் கவுன்ட்டி அதுக்கும் மேல. சேர்த்துப் படிக்க வைங்கன்னு கோர்ட் உத்தரவு போட்டதும் 1959ல அரசு ஸ்கூல் எல்லாத்தையும் இழுத்து மூடிட்டாங்க. வெள்ளைக்காரப் பிள்ளைங்களுக்கு ஒரு தனியார் ஸ்கூல். கறுப்பர் பிள்ளைங்களுக்கு அஞ்சு வருஷம் அரசு ஸ்கூலே இல்ல, 1964ல சுப்ரீம் கோர்ட் திரும்ப தலையிடுற வரைக்கும். ஏழு வயசுப் பிள்ளைக்கு திரும்பக் கதவு திறக்கிறப்ப பன்னெண்டு வயசு.

அப்புறம் எப்ப மாறுச்சுன்னு கேட்டா, 1964 சிவில் உரிமைச் சட்டம் வந்து, பிரிச்சு வச்சா மத்திய அரசு நிதி கிடையாதுன்னு ஆன பிறகு. 1965ல ஸ்கூலுக்குன்னு பெரிய நிதி வேற ஒதுக்கினாங்க. காசுன்னதும் போர்டுக்காரனுக்கு அரசியல் சாசனம் புரிய ஆரம்பிச்சுது. அந்தச் சட்டம் ஜனங்க தெருவுல இறங்கினதால வந்தது. அதனால தங்கச்சி தைரியமா போராட்டம் பக்கம் பேசட்டும்.

தூங்காநகரம்88:

அண்ணே பயங்கரம், ஒண்ணே கால் பிள்ளைய அவ நோட்டுல எழுதிக்கிட்டா. ஆனா எதிர்க்கட்சிக்காரன் பிரவுன் கேஸ எடுத்துக்கிட்டு வருவானே, அதுக்கு என்ன பதில்? அது முழுக்க வக்கீலுங்க கோர்ட்டுக்குள்ளயே ஜெயிச்சதுதானே?

இட்லிப்பொடி:

இல்லவே இல்ல தம்பி! சந்தேகப்பிராணி சொன்ன அதே பிரின்ஸ் எட்வர்ட் கவுன்ட்டிதான் அதுக்கும் பதில். பிரவுன்ங்கிறது ஒரே கேஸ் இல்ல, பல ஊர் கேஸ சேர்த்து விசாரிச்சது. அதுல ஒண்ணு ஃபார்ம்வில் ஊரு மோட்டன் ஹைஸ்கூல். 180 பேருக்குக் கட்டின கட்டிடத்துல 450க்கு மேல பிள்ளைங்க, மிச்சத்துக்கு தார்ப்பேப்பர் அடிச்ச கொட்டகை, குளிருக்கு ஒரு அடுப்பு, மழை பேஞ்சா ஒழுகும். பார்பரா ஜான்ஸ்னு 16 வயசுப் பொண்ணு, 1951 ஏப்ரல் 23. பிரின்சிபாலுக்கு ஒரு போன், உங்க பசங்க பஸ் ஸ்டாண்டுல போலீஸ்கிட்ட மாட்டிக்கிட்டாங்கன்னு. அவரு பதறி ஓடினாரு. உடனே பிரின்சிபால் எழுதின மாதிரியே கிளாஸ் கிளாஸா சீட்டு போகுது, எல்லாரும் ஹாலுக்கு வாங்கன்னு. வந்தா மேடையில பார்பரா! டீச்சருங்கள வெளிய போகச் சொல்லிட்டு ஸ்டிரைக் அறிவிச்சுட்டா. ரெண்டு வாரம் யாரும் கிளாசுக்குப் போகல.

பிள்ளைங்க கேட்டது நல்ல கட்டிடம் மட்டும்தான். உதவிக்கு வந்த என்ஏஏசிபி (கறுப்பர் உரிமைக்கான அமைப்பு) வக்கீலுங்கதான், கட்டிடத்துக்காக கேஸ் போட மாட்டோம், பிரிவினையே கூடாதுன்னா போடுறோம், உங்க அப்பா அம்மாவக் கேட்டுட்டு வாங்கன்னு சொன்னாங்க. பார்பராவுக்கு உயிருக்கு ஆபத்துன்னு பெத்தவங்க அவள பெரியப்பா வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. எந்த ஊருன்னு சொல்லுங்க பாப்போம்? மாண்ட்கமரி! அந்தப் பெரியப்பா வெர்னான் ஜான்ஸ், கிங்குக்கு முன்னாடி அதே சர்ச்சுல பாதிரியாரா இருந்தவரு.

ராத்திரிஷிப்ட்:

லேட்டா வந்தேன், ஒரு சந்தேகம். பஸ்ஸும் ஸ்கூலும் அரசாங்கத்தோடது, இல்லன்னா அரசாங்கம் சட்டம் போட்டுப் பிரிச்சது, அதனால கேஸ் போடலாம். ஹோட்டல்? அது தனியார் கடையாச்சே, எனக்குப் பிடிச்சவனுக்குத்தான் சோறு போடுவேன்னு சொன்னா கோர்ட் என்ன பண்ணும்?

கருப்புக்கோட்டு:

நல்ல இடத்துல கை வச்சீங்க. கோர்ட் முழிச்ச இடம் அதுதான். அரசியல் சாசனத்தோட 14ஆவது திருத்தம் அரசாங்கத்தத்தான் கட்டுப்படுத்தும், கடைக்காரன இல்ல. 1960 பிப்ரவரி 1, கிரீன்ஸ்பரோ ஊர் உல்வொர்த் கடையில நாலு கறுப்பர் காலேஜ் பசங்க போய் பேஸ்ட் மாதிரி சில்லறைச் சாமான் வாங்கினாங்க, காச வாங்கிட்டு பில்லு குடுத்தான். அதே கடையில சாப்பாட்டு கவுன்ட்டர்ல உக்காந்து காபி கேட்டா கிடையாது. மூடுற வரைக்கும் எந்திரிக்கல. மறுநாள் இன்னும் ஆள், அடுத்த நாள் இன்னும். ஜூலைல அந்தக் கடை இறங்கி வந்துச்சு, எந்தத் தீர்ப்பும் இல்லாம, வியாபாரம் படுத்ததால. அத்துமீறி உக்காந்தாங்கன்னு நாடு முழுக்க கேஸ் கேஸா வந்துச்சு, சுப்ரீம் கோர்ட் பசங்கள விடுதலை பண்றதுக்குச் சின்னச் சின்ன ஓட்டையாத் தேடிச்சே தவிர கடைக்காரனுக்கு உரிமை இல்லன்னு நேராச் சொல்லல.

அத முடிச்சு வச்சது 1964 சட்டம். அதையும் எதிர்த்து பர்மிங்ஹாம்ல ஒல்லீஸ்னு ஒரு பார்பக்யூ கடைக்காரர் கேஸ் போட்டாரு. கறுப்பருக்கு உள்ள சீட்டு கிடையாது, பார்சல் மட்டும். நான் உள்ளூர்ல கறி விக்கிறேன், மத்திய அரசுக்கு இங்க என்ன வேலைன்னு வாதம். கோர்ட் கணக்குப் பாத்துச்சு, ஒரு வருஷத்துல கடை வாங்குன சாமான்ல 46 சதவீதம் வெளி மாநிலத்துல இருந்து வந்த இறைச்சி, அப்ப மாநிலங்களுக்கு நடுவுல நடக்குற வாணிபம், அப்ப நாடாளுமன்றம் சட்டம் போடலாம், 9க்கு 0. மனுஷனோட மானத்துக்காகப் போட்ட சட்டம் கறி எங்கேர்ந்து வந்துச்சுங்கிறத வச்சு நின்னுச்சு. சட்டம் படிக்கும்போது எனக்கு இது கசப்பா இருந்துச்சு, இப்பவும் இருக்கு.

நம்ம பக்க ஒட்டு ஒண்ணு இதுல உண்டு. ஜேம்ஸ் லாசன்னு ஒரு பாதிரியார், நாக்பூர்ல காலேஜ்ல வேலை பாத்தவரு, மாண்ட்கமரி செய்திய அங்கதான் பேப்பர்ல படிச்சாரு, காந்தி வழிய அங்க படிச்சுட்டு ஊருக்குப் போய் நாஷ்வில் மாணவர்களுக்குப் பயிற்சி குடுத்தாரு. பயிற்சின்னா நாடகம் மாதிரி, பாதிப் பேர் வெள்ளைக்காரங்களா நடிச்சு திட்டணும், தள்ளணும், மூஞ்சில சிகரெட் புகைய ஊதணும், மீதிப் பேர் கை ஓங்காம உக்காந்திருக்கப் பழகணும்.

சந்தேகப்பிராணி:

கோர்ட்ட ரொம்ப நல்லவனாக் காட்டிட்டீங்க வக்கீல் சார், வாக்கர் எதிர் பர்மிங்ஹாம் கேஸ ஏன் சொல்லல? 1963ல ஊர்வலம் போகாதேன்னு உள்ளூர் ஜட்ஜ் போட்ட தடைய மீறித்தான் கிங் ஜெயிலுக்குப் போனாரு. போலீஸ் நாயும் தீயணைப்புத் தண்ணிக் குழாயும் ஊர்வலம் போன பிள்ளைங்க மேல பாஞ்ச அதே பர்மிங்ஹாம், அதப் பாத்துத்தான் கென்னடி சட்டம் கொண்டுவர்றேன்னு கிளம்பினாரு. 1964ல சட்டம் பாஸ், அதே வருஷம் கிங்குக்கு நோபல் பரிசு. ஆனா 1967ல சுப்ரீம் கோர்ட் 5க்கு 4, தடை தப்பா இருந்தாலும் கோர்ட்டுல போய் ரத்து பண்ணியிருக்கணும், மீறினது தப்புன்னு சொல்லிடுச்சு. நோபல் வாங்கின மனுஷன் திரும்ப வந்து ஜெயில்ல உக்காந்தாரு.

கருப்புக்கோட்டு:

சொல்லல, ஏன்னா இப்பவும் அதப் படிச்சா எனக்கு வாய் அடைச்சுப் போகும்.

தூங்காநகரம்88:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மச்சினனுக்கு லிங்க் அனுப்பிட்டேன், படிச்சிட்டு கம்பெனி விஷயம் தெரியாதுன்னு மட்டும் ரிப்ளை போட்டிருக்கான், அவன் அவ்வளவு ஒத்துக்கிட்டதே பெருசு. பொண்ணு ரோசா பார்க்ஸ விட்டுட்டா, அத எல்லாரும் சொல்லுவாங்களாம், பார்பரா ஜான்ஸ்லதான் ஆரம்பிக்கப் போறாளாம். பிரின்சிபாலுக்குப் பொய் போன் போட்ட இடத்த மட்டும் ரெண்டு தடவ படிச்சுட்டு சிரிச்சுக்கிட்டே போனா, எனக்கு அதுதான் வயித்துல புளியக் கரைக்குது.